ஐந்தாம் பரிமாணத்துக்காகக் காத்திருந்த ஆசிரியர்

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாங்கள் வன்னிக்குள் மூன்றாவது தடவையாக இடம்பெயர்ந்திருந்தோம். உயர்தரக் கணித வகுப்பு ஒரு மரத்தடியில் நடந்தது. மேலே ஒரு தறப்பாள், கீழே மணல். கரும்பலகை இல்லாததால் சேர் ஒரு தடியை எடுத்து மணலில் புள்ளி ஒன்று வைத்தார். புள்ளியை இழுத்தால் கோடு. கோட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் சதுரம். சதுரத்தை மேல்நோக்கி இழுத்தால் பெட்டி. இந்தப் பெட்டியை இனி எந்தப் பக்கமாக இழுக்கலாம் என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஜேர்மனியில் ஒரு வாத்தியார் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார், நாளைக்குச் சொல்கிறேன் என்று முடித்தார். மறுநாள் வகுப்பு நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

நான் பின்னர் படித்தது ஊடகக் கற்கை. கணிதத்தை அந்த மரத்தடியோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. சில வருடங்களுக்கு முன்பு இழைக் கோட்பாடு பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தபோதுதான் சேர் சொல்லாமல் விட்ட அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது. தியடோர் கலூசா. பௌதிகம் படிப்பவர்களுக்கு கலூசா-கிளைன் கோட்பாடு என்ற சொற்றொடரில் அவர் நன்கு அறிமுகமானவர். மற்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கை அவ்வளவாகத் தெரியாது. காத்திருந்து பழகிய எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கலூசா 1885 நவம்பர் 9ஆம் திகதி ஒப்பெல்ன் நகரில் பிறந்தார். அப்போது ஜேர்மனியில் இருந்த அந்த ஊர் இன்று ஒப்போலே என்ற பெயரில் போலந்தில் இருக்கின்றது. தந்தை மக்ஸ் கலூசா ஆங்கில மொழி, இலக்கிய ஆய்வாளர். அவருக்குக் கிழக்குப் பிரஷியாவின் தலைநகரான கோனிக்ஸ்பேர்க்கில் பல்கலைக்கழக வேலை கிடைத்ததால், ஒரே பிள்ளையான தியடோர் அங்கேயே வளர்ந்தார். தத்துவஞானி இமானுவேல் கான்ட் பிறந்து வாழ்ந்து இறந்த நகரம் அது. அதன் ஏழு பாலங்களையும் ஒரு தடவைக்கு மேல் கடக்காமல் சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு, முடியாது என்று ஒயிலர் 18ஆம் நூற்றாண்டில் நிறுவியதை இன்றும் கணித மாணவர்கள் படிக்கிறார்கள்.

அந்த நகரத்தின் பல்கலைக்கழகத்திலேயே படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்ற கலூசா, 1909இல் அங்கேயே விரிவுரை செய்ய அனுமதி பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார். அவருடைய பதவியின் பெயர் பிரிவாட்டொசன்ட். எங்கள் பக்கத்துத் தொண்டராசிரியர்களை நினைத்துக்கொண்டால் அது என்னவென்று விளங்கும். பல்கலைக்கழகம் சம்பளம் தராது. வகுப்புக்கு வரும் மாணவர்கள் கட்டும் சிறு கட்டணம்தான் வருமானம். பொதுவாக இளைஞர்கள் சில வருடங்கள் அந்தப் படியில் நின்றுவிட்டு மேலே போய்விடுவார்கள். கலூசா இருபது வருடங்கள் அதே படியில் நின்றார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்த வீட்டில் அது இலேசான காரியம் அல்ல.

அந்த இருபது வருடங்களும் அமைதியான காலமும் அல்ல. 1914 ஓகஸ்டில் ரஷ்யப் படைகள் கிழக்குப் பிரஷியாவுக்குள் நுழைந்தபோது, அந்த மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் வண்டிகளில் ஏறி இடம்பெயர்ந்தார்கள். போரில் ஜேர்மனி தோற்ற பிறகு எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 1920இல் கிழக்குப் பிரஷியா நாட்டின் மற்றப் பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டது. பேர்லினுக்குப் போவதென்றால் போலந்தின் நிலத்தைக் கடந்து போக வேண்டும் என்ற நிலை. அந்த மாகாணத்தில் இருந்துகொண்டுதான் கலூசா தன் கேள்வியைக் கேட்டார்.

அந்தக் கேள்வி இதுதான். ஐன்ஸ்டைன் 1915இல் ஈர்ப்புக்கு ஒரு புதிய விளக்கம் கொடுத்திருந்தார். நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்கு பரிமாணங்களும் சேர்ந்த வெளி வளைகின்றது. அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்று உணர்கிறோம். ஆனால் மின்னையும் காந்தத்தையும் விளக்கிய மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தனியாக இருந்தன. ஒரே உலகத்தில் நடக்கும் இந்த இரண்டும் ஏன் இரண்டு கணக்குகளாக இருக்க வேண்டும்?

கலூசா ஒரு விடயத்தைச் செய்து பார்த்தார். ஐன்ஸ்டைனின் கணக்கை நான்கு பரிமாணங்களுக்குப் பதிலாக ஐந்து பரிமாணங்களில் எழுதினார். நான்கு பரிமாண வெளியின் வடிவத்தைச் சொல்ல, அதன் ஒவ்வொரு இடத்திலும் 10 கணியங்கள் தேவை. ஐந்து பரிமாணங்கள் என்றால் 15 தேவை. அந்த 15இல் 10, ஐன்ஸ்டைனின் பழைய ஈர்ப்பைத் தந்தன. மேலதிகமான ஐந்தில் நான்கு, மக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளாகவே வந்து நின்றன. அவர் அதை உள்ளே போடவில்லை, ஐந்தாம் பரிமாணத்தைச் சேர்த்ததும் தானாக வந்தது. மிஞ்சிய ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்பது அப்போது தெளிவாகவில்லை.

அந்தக் கணம் வந்தபோது அவருடைய சின்ன மகன் அதே அறையில் இருந்தான். அப்பா சில விநாடிகள் அசையாமல் இருந்தார், பிறகு விசிலடித்தார், எழுந்து நின்று மொசார்ட்டின் இசைநாடகப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார் என்று, பின்னாளில் தானும் கணிதப் பேராசிரியரான அந்த மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்பாவின் இன்னொரு கதையையும் அவர் சொல்லியிருக்கிறார். முப்பது வயது தாண்டிய பிறகு கலூசாவுக்கு நீந்தப் பழக ஆசை வந்ததாம். புத்தகம் ஒன்றை வாசித்து முடித்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்கி, முதல் தடவையிலேயே நீந்திக் காட்டினாராம். தாளில் சரியாக வந்தது உலகத்திலும் சரியாக இருக்கும் என்று நம்பிய மனிதர் அவர்.

1919இல் அவர் தன் கணக்கை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஏப்ரல் மாதம் ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். ஐந்து பரிமாணங்களில் இப்படி ஒன்றுபடுத்தலாம் என்பது தனக்குத் தோன்றவேயில்லை என்றும் யோசனை தனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது என்றும் அதில் சொல்லியிருந்தார். கலூசா எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஆனால் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐன்ஸ்டைனுக்குச் சந்தேகங்கள் எழுந்தன. இலத்திரன் போன்ற மிகச் சிறிய துணிக்கைக்கு இந்தச் சமன்பாடுகளைப் பொருத்தினால் கணக்கு இடித்தது. கட்டுரை வெளிவரவில்லை.

அதே ஆண்டு மே மாதச் சூரிய கிரகணத்தில் ஒளி வளைவதை அளந்தார்கள். நவம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டபோது ஐன்ஸ்டைன் உலகமே அறிந்த மனிதரானார். கோனிக்ஸ்பேர்க்கில் கலூசா வழக்கம்போல மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டரை வருடங்கள் போயின. 1921 ஒக்ரோபரில் ஐன்ஸ்டைனிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. முன்பு தடுத்தது பற்றி யோசித்துப் பார்த்ததாகவும், விருப்பமென்றால் கட்டுரையைப் பிரஷிய அறிவியல் கழகத்தில் தானே சமர்ப்பிப்பதாகவும் எழுதியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டு அச்சுக்கு வந்தது. இலத்திரன் விடயத்தில் இருந்த இடரைக் கலூசா மறைக்கவில்லை. அதையும் கட்டுரையிலேயே எழுதினார்.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. ஐந்தாவது பரிமாணம் இருந்தால் அது எங்கே? 1926இல் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் கிளைன் ஒரு விடை சொன்னார். தறப்பாள் கட்டியிருக்கும் கயிற்றைத் தூரத்திலிருந்து பாருங்கள். வெறும் கோடு. முன்னுக்குப் போகலாம், பின்னுக்குப் போகலாம், அவ்வளவுதான். அதே கயிற்றில் ஊரும் எறும்புக்கு இன்னொரு வழியும் உண்டு. அது கயிற்றைச் சுற்றி வரலாம். ஐந்தாவது பரிமாணமும் அப்படி வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் வளையமாகச் சுருண்டு இருக்கலாம் என்றார் கிளைன். வளையத்தின் அளவையும் கணித்தார். தசமப் புள்ளிக்குப் பின்னால் 31 பூச்சியங்கள் போட்டு 1 எழுதினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு மீற்றர். அணுவுக்கு அப்படி 9 பூச்சியங்கள் போதும். மணலில் பெட்டி வரைந்த சேரின் கேள்விக்கு இதுதான் விடை. பெட்டியை இழுப்பதற்கு இன்னொரு பக்கம் இருக்கலாம். நாம் அந்தக் கயிற்றைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள்.

1929இல், ஐன்ஸ்டைனின் பரிந்துரையும் துணைநிற்க, கலூசாவுக்குக் கீல் நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 43. 1935இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உலகத்தின் கணிதத் தலைநகராக இருந்த இடம் அது. 1933இல் நாசிகள் எமி நோதர், ரிச்சட் கூரன்ட், மக்ஸ் போர்ன் முதலானவர்களை யூதர்கள் என்பதற்காக அங்கிருந்து வெளியேற்றியிருந்தார்கள். ஐன்ஸ்டைனும் நாட்டை விட்டுப் போயிருந்தார். கலூசா நாசிக் கொள்கையோடு உடன்படாதவர். அதனால் அவருடைய நியமனம் இழுபட்டு, ஹெல்முட் ஹஸ்ஸ என்ற சக கணிதர் தலையிட்ட பிறகே நடந்தது. ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்தது வெறுமையாக்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்குத்தான். இதையும் சேர்த்தே அவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

அவருடைய யோசனைக்கு அதற்குள் மவுசு போய்விட்டது. இளம் பௌதிகவியலாளர்கள் குவாண்டம் பொறிமுறையின் பக்கம் திரும்பியிருந்தார்கள். கலூசா கணிதம் கற்பித்தார். 1938இல் இன்னொருவரோடு சேர்ந்து, தொழில்துறையில் கணிதம் பயன்படுத்துவோருக்கான பாடநூல் ஒன்றை எழுதினார்.

பிறகு ஹிட்லரின் போர். கோனிக்ஸ்பேர்க்கின் யூதர்கள் 1942இல் ரயில்களில் ஏற்றப்பட்டுக் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1944 ஜூலையில் பல்கலைக்கழகம் தன் 400ஆவது ஆண்டைக் கொண்டாடியது. அடுத்த மாதமே பிரித்தானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் பழைய நகரம் எரிந்து போனது. பல்கலைக்கழகக் கட்டடமும் தப்பவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி முற்றுகைக்குப் பின் நகரம் சோவியத் படைகளிடம் சரணடைந்தது. 1946இல் பெயரை மாற்றினார்கள். எஞ்சியிருந்த ஜேர்மனியர்கள் அடுத்த இரண்டு வருடங்களில் வெளியேற்றப்பட்டார்கள். இன்று வரைபடத்தில் கோனிக்ஸ்பேர்க் இல்லை. கலினின்கிராட் என்ற ரஷ்ய நகரம் இருக்கின்றது. கலூசா வளர்ந்து, படித்து, இருபது வருடங்கள் படிப்பித்த ஊர், அவர் உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் போனது. 1954 ஜனவரி 19ஆம் திகதி கோட்டிங்கனில், ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்தபோது, 68ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் இறந்து இருபது முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் பௌதிகம் அவரிடம் திரும்பி வந்தது. உலகத்தின் அடிப்படைத் துணிக்கைகள் புள்ளிகள் அல்ல, அதிரும் மிகச் சிறிய இழைகள் என்று சொல்லும் இழைக் கோட்பாடு 1984இல் பெரும் கவனத்தைப் பெற்றது. அந்தக் கணக்கு முரணில்லாமல் வருவதற்குக் காலத்தோடு சேர்த்து 10 பரிமாணங்கள் தேவை. நாம் அறிந்தவை நான்கு. மற்ற ஆறும் எங்கே என்ற கேள்விக்கு, சுருண்டிருக்கின்றன என்ற கலூசா-கிளைன் விடையைத்தான் மறுபடியும் எடுத்தார்கள். ஆனால் இதுவரை ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள மாபெரும் துணிக்கை மோதுவியில் தேடினார்கள். ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் ஈர்ப்பை அளந்து பார்த்தார்கள். ஒன்றும் தென்படவில்லை. கலூசா சொன்னது சரியா, பிழையா என்பது நூறு வருடங்களுக்குப் பிறகும் முடிவாகவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது என்று ஒரு ஆறுதல் வரியோடு முடிக்க நினைத்தேன். பிறகு கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் பிள்ளைகளின் படங்களோடு இருக்கும் தாய்மாரை நினைத்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். கலூசாவின் ஐந்தாம் பரிமாணத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அது இருந்தால் இயற்கை அப்படி, இல்லாவிட்டால் கணக்குப் பிழை. விடை தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் காத்திருப்பில் குற்றவாளி இல்லை. எங்கள் தாய்மாரின் கேள்விக்கு விடை தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். காத்திருந்தபடியே செத்துப்போன பெற்றோரும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கலூசாவிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு வேறொன்று இருக்கின்றது. சம்பளமில்லாத ஒரு ஆசிரியர், ஒரு மூலையில் இருந்துகொண்டு, ஐன்ஸ்டைனுக்கே தோன்றாத ஒரு யோசனையை முன்வைத்தார். தடுத்தபோது சோர்ந்து போகவில்லை, தன் கணக்கின் ஓட்டையை மறைக்கவுமில்லை. எங்கள் சேரும் சம்பளம் ஒழுங்காக வராத காலத்தில், ஷெல் சத்தத்துக்கு நடுவில், பரீட்சைக்கு வராத ஒரு கேள்வியை மணலில் வரைந்தார். அவர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. இதை எங்கேயாவது வாசித்தால், விடை கிடைத்துவிட்டது சேர் என்று சொல்ல வேண்டும்.