வில்லியம் கேரியும் செராம்பூர்க் கலாசாலையும்

ஊழியத்திற்கு அன்பும் பக்தியும் அமையாவோ, பட்டமும் பரீட்சையும் எற்றுக்கு என்று வினவுவார் நம்மிடையே பலர் உளர். இவ்வினாவிற்கு வில்லியம் கேரி என்னும் பெரியாரது வாழ்க்கையில் விடை காணலாம் என்பது நம் கருத்து.

இங்கிலாந்திலே பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் கேரி பிறந்தார். வறுமை காரணமாகப் பதினான்காம் வயதிலே செருப்புத் தைக்கும் தொழில் பழகப் புகுந்தார். கல்லூரியிற் பயிலும் பேறு அவர்க்கு வாய்த்திலது. ஆயினும், இலத்தீன், கிரேக்கு, எபிரேயு மொழிகளைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். 1793-இல் வங்காளம் போந்து, 1800-இல் தேனியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த செராம்பூரில் மார்ஷ்மன், உவார்டு என்னும் இருவருடன் கூடி உழைக்கலானார். மறு ஆண்டிலே வங்காளப் புதிய ஏற்பாடு அச்சேறியது. வில்லியம் கோட்டைக் கல்லூரியிலும் வங்காள மொழி ஆசிரியராக அமர்ந்தார். 1807-இல் அமெரிக்காவின் பிரௌன் சர்வகலாசாலை அவர்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

இந்நாட்டில் இந்நாட்டாரே போதகராதல் வேண்டும், அவர் தம் முன்னோர் நூல்களையும் மேனாட்டுச் சாஸ்திரங்களையும் ஒருங்கே அறிதல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஆதலின் 1818-இல் மூவரும் செராம்பூர்க் கலாசாலையை நிறுவினர். முதற்கண் சேர்ந்த மாணவர் 37 பேர். சாதி சமய வேறுபாடின்றி யாவர்க்கும் அதன் வாயில் திறந்திருந்தது. அமெரிக்காவிற் பொருளுதவியோர், தம் பணத்தை வேதசாஸ்திரக் கல்விக்கன்றி விஞ்ஞானக் கல்விக்குச் செலவிடலாகாது என விதித்தபோது கேரி மனம் வருந்தினார். எனினும் தம் கொள்கையினின்றும் பிறழ்ந்திலர். 1827-இல் தேனிய மன்னர் ஆறாம் பிரடெரிக் பட்டமளிக்கும் உரிமையை அக்கலாசாலைக்குச் சாசனமாக வழங்கினார்.

அவ்வுரிமையால் ஒருவரேனும் பட்டம் பெற்றதைக் கேரி கண்டிலர். 1834-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் செராம்பூரிலேயே உயிர் நீத்தார். 1845-இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைப்பட்டபோதும் சாசன உரிமை அழியாது காக்கப்பட்டது. 1915-இலேதான் முதன்முதல் வேதசாஸ்திரப் பட்டங்கள் வழங்கப்பட்டன. அவர் மறைந்து அப்போது 81 ஆண்டுகள் கழிந்திருந்தன! இன்று மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிற் கற்றுத் தேர்வோர் பெறுவதும் செராம்பூர்ப் பட்டமே.

தாம் கல்லாமலே ஊழியஞ் செய்ய வல்லவர் கேரி. அங்ஙனமிருந்தும், பிறரும் அவ்வாறே இடர்ப்படுக என்று அவர் எண்ணினாரல்லர். தமக்குக் கிட்டாத கல்வி, தாம் காணப்போகாத மாணவர்க்குக் கிட்டுமாறு பொருளும் காலமும் ஈந்தார். அங்ஙனம் பிறர் உழைப்பால் அமைந்த கல்லூரிகளிலேயே நாமும் அமர்ந்து கற்கின்றோம். பட்டத்தை நாடும் நாம், அதனைக் கொண்டு யார்க்குப் பயன்படப் போகின்றோம் என்பதையும் இக்கல்லூரி நாட்களிலேயே எண்ணித் துணிவோமாக.