உழவரிடம் பாடம் படித்த விஞ்ஞானி

விஞ்ஞானி என்றாலே நம்ம ஊரில் வானத்தைப் பார்க்கிறவர்தான் ஞாபகம் வருவார். பெரிய தொலைநோக்கி இருக்கிற ஊராச்சே! நான் எழுதப் போவது மண்ணைப் பார்த்த ஒருவரைப் பற்றி.

சர் ஆல்பர்ட் ஹோவார்டு 1873-இல் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1905-இல் பீகாரில் இருந்த பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அதிகாரியாக வந்தார். நம்ம விவசாயத்தைத் திருத்தத்தான் அனுப்பினாங்க. ஆனா பக்கத்து வயல்களில் மருந்தே அடிக்காம பயிர் நல்லா நின்றது. அதனால் அந்த உழவர்களையே வாத்தியாராக ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அவருடைய காளைகள், கோமாரி வந்த மாடுகளோடு மூக்கை உரசியும் நோய் வாங்கலையாம். நல்ல மண்ணில் விளைந்த தீனிதான் காரணம் என்று நம்பினார். (இதைப் படிச்சிட்டு யாரும் மாட்டுக்குத் தடுப்பூசி போடாம விட்டுடாதீங்க!)

மனைவி கேப்ரியலும் தாவரவியல் விஞ்ஞானிதான். பூசா கோதுமை ரகங்களை இரண்டு பேரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். அவர் பெயரை நிறைய பேர் சொல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம். 1930-இல் அவர் காலமானார்.

1924 முதல் இந்தூரில் வேலை. அங்கே உருவானதுதான் இந்தூர் கம்போஸ்ட். பயிர்க்கழிவு 3 பங்கு, சாணம் 1 பங்கு, மாட்டுக்கொட்டாயில் மூத்திரம் ஊறின மண், கொஞ்சம் சாம்பல். ஈரம் காயாம வச்சு, நடுநடுவே புரட்டினா சுமார் 90 நாளில் எரு தயார். 1947-இல் ஹோவார்டு இறந்தார்.

எரு போட்டா மண்ணில் என்ன நடக்குது? நுண்ணுயிர்கள் பெருகும். அவை நொதிகளைச் சுரக்கும். யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைக்கும். பாஸ்பட்டேஸ் மக்கில் மாட்டிக்கிட்ட மணிச்சத்தை விடுவிக்கும். டிஹைட்ரோஜினேஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும். நிறமில்லாத ஒரு ரசாயனத்தை மண்ணோடு கலந்து 24 மணி நேரம் வைத்தால் இந்த நொதி அதைச் சிவப்பாக்கிவிடும். அதிகம் சிவந்தால் மண்ணில் உயிரோட்டம் அதிகம். ஹோவார்டு பயிரையும் காளையையும் பார்த்து எடைபோட்டதை இப்போ ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஆனா ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் வேற வேற கணக்கு காட்டும். அதனால் ஒரே நாளில், ஒரே மாதிரி எடுத்த மண்ணைத்தான் ஒப்பிடணும்.

சாமைத் தாளை எரிச்ச கொல்லையிலும், அதை மக்க வைத்துப் போட்ட கொல்லையிலும் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்க எனக்கு ஆசை. அறிவியல் சார் மனசு வைக்கணும்!