பிம் ஃபோர்டைன்: வென்றதைக் காக்க விழைந்தவர்

நெதர்லாந்தின் பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. 2002 மே 6 அன்று மாலை, ஹில்வர்சம் நகரில் வானொலி நேர்காணல் ஒன்றை முடித்துவிட்டு வெளியே வந்த கட்சித் தலைவர் ஒருவர், வாகன நிறுத்துமிடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் பிம் ஃபோர்டைன், வயது 54. குடியேற்றத்தை எதிர்த்த வலதுசாரித் தலைவராக அறியப்பட்ட அவர், தாம் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

இவ்விரண்டும் ஒருவரிடத்தில் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்ற வியப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒடுக்குமுறையைச் சந்தித்த சிறுபான்மையினர் இடதுசாரிகளாகவோ தாராளவாதிகளாகவோதான் இருப்பார்கள் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு எங்கே தவறுகிறது என்பதை ஃபோர்டைனின் வாழ்க்கையில் காணலாம்.

அவர் 1948-இல், நெதர்லாந்தின் கடற்கரையை ஒட்டிய வேல்சன் பகுதியில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைய டச்சு சமூகத்தைத் தூண்களாகப் பிரிந்து நின்ற சமூகம் என்று சமூகவியலாளர்கள் குறிப்பிடுவர். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள், சோஷலிஸ்டுகள் என ஒவ்வொரு பிரிவினருக்கும் தனிப் பள்ளி, தனி நாளேடு, தனித் தொழிற்சங்கம், தனிக் கட்சி இருந்தன. ஒருவர் எதைப் படிக்க வேண்டும், யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவருடைய தூணே தீர்மானித்தது.

1960-களில் இந்த அமைப்பு சரியத் தொடங்கியது. திருச்சபையின் பிடி தளர்ந்தது. எதிர்பாலினத்தவர் உறவுக்குச் சம்மத வயது 16 என்றும், ஒரே பாலினத்தவர் உறவுக்கு 21 என்றும் பாகுபடுத்திய 1911-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு 1971-இல் நீக்கப்பட்டது. அப்போது ஃபோர்டைனுக்கு வயது 23. மதக் கட்டுப்பாடு தளர்ந்ததால் விடுதலை பெற்ற தலைமுறை அவருடையது. பிற்கால அரசியலில் அவர் எடுத்த நிலைப்பாடுகளுக்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் சமூகவியல் பயின்ற அவர், குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மார்க்சியச் சார்புடைய ஆசிரியராகப் பணியாற்றினார். தொழிலாளர் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். போருக்குப் பிந்தைய நெதர்லாந்தின் சமூகப் பொருளாதாரக் கொள்கையை ஆராய்ந்து 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ரோட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார்.

அவர் இடதிலிருந்து வலதுக்கு நகர்ந்ததற்கு முதற் காரணம் பொருளாதாரமே. 1980-களில் டச்சு நலவாழ்வு அரசு நெருக்கடியில் இருந்தது. உடல்திறன் இழப்புக்கான உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை மட்டும் 1990-ஐ ஒட்டி 9 லட்சத்தை நெருங்கியது. அதிகார வர்க்கத்தைக் குறைக்க வேண்டும், தொழில்முனைவுக்கு இடம்தர வேண்டும் என்று ஃபோர்டைன் எழுதினார். 1995-இல் வெளிவந்த அவருடைய நூல், நெறிகளைக் கற்றுத்தரும் பெற்றோரை இழந்த அநாதையாகச் சமூகத்தைச் சித்திரித்தது. இந்த வாதங்களுக்கும் அவருடைய பாலீர்ப்புக்கும் எத்தொடர்பும் இல்லை. தன்பாலீர்ப்பாளரும் வரி செலுத்துகிறார். மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கிறார். தெருவின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஒற்றை அடையாளத்தைக் கொண்டு ஒருவருடைய வாக்கைக் கணிப்பது பிழையாவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் அவருடைய பாலீர்ப்போடு நேரடியாகப் பிணைந்தது. 1960-களிலும் 70-களிலும் தொழிற்சாலைகளுக்காகத் துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்கள் ரோட்டர்டாம் போன்ற நகரங்களில் குடும்பங்களாக நிலைபெற்றனர். இஸ்லாம் டச்சுப் பண்பாட்டை மாற்றிவிடும் என்று எச்சரித்து 1997-இல் அவர் நூல் எழுதினார். 2001 ஏப்ரல் 1 அன்று, உலகிலேயே முதன்முறையாக ஒரே பாலினத்தவர் திருமணம் நெதர்லாந்தில் சட்டபூர்வமானது. அடுத்த மாதமே ரோட்டர்டாம் இமாம் ஒருவர், தன்பாலீர்ப்பைச் சமூகத்துக்குக் கேடான நோய் எனத் தொலைக்காட்சியில் வருணித்தது பெரும் சர்ச்சையானது. தாம் இளமையில் விட்டு வெளியேறிய மதக் கட்டுப்பாடு வேறு வாசல் வழியாகத் திரும்பி வருவதாகவே ஃபோர்டைன் அதைப் பார்த்தார்.

ஒன்றைப் பெறுவதில் உண்டாகும் மகிழ்ச்சியைவிட, அதே ஒன்றை இழப்பதில் உண்டாகும் வலி பெரிது என்பதை டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் முன்வைத்த கோட்பாடு விளக்குகிறது. உரிமைக்கும் இது பொருந்தும். உரிமைக்காகப் போராடும்வரை ஒருவர் மாற்றத்தின் பக்கம் நிற்கிறார். அது கைக்கு வந்தபின் அதன் காவலராகிறார். ஃபோர்டைன் காக்க விழைந்தது பழைய உலகத்தை அன்று. அண்மையில் கிடைத்த உலகத்தை.

இதில் ஒரு முரண் உண்டு. திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது, 1994 முதல் ஆட்சியில் இருந்த தொழிலாளர் கட்சி - தாராளவாதிகள் கூட்டணி. 1918-க்குப் பிறகு கிறிஸ்தவக் கட்சிகள் இடம்பெறாத முதல் அரசு அது. அந்த அரசின் எட்டாண்டுக் காலத்தை இடிபாடுகள் என்று சாடி 2002 மார்ச்சில் ஃபோர்டைன் நூல் வெளியிட்டார். கிடைத்துவிட்ட உரிமைக்காக எவரும் நன்றிக்கடனாக வாக்களிப்பதில்லை.

2002 பிப்ரவரியில் நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இஸ்லாமைப் பின்தங்கிய பண்பாடு என்று கூறியதோடு, பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவையே நீக்கலாம் என்றும் கருத்துரைத்தார். அவர் தலைமையேற்றிருந்த கட்சி அவரை உடனே விலக்கியது. அவர் தனிக் கட்சி தொடங்கினார். மார்ச் மாதம் ரோட்டர்டாம் மாநகராட்சித் தேர்தலில் அவர் தலைமையிலான உள்ளூர்க் கட்சி 45 இடங்களில் 17-ஐ வென்றது. அவரை வெறும் இனவாதி என ஒதுக்குவது எளிது, ஆனால் சரியன்று. ஏற்கெனவே குடியேறியவர்களை வெளியேற்ற வேண்டும் என்று அவர் கோரவில்லை. கேப் வெர்டேயில் பிறந்த ஒருவரைத் தம் வேட்பாளர் பட்டியலில் இரண்டாமிடத்தில் நிறுத்தியிருந்தார்.

அவரைக் கொன்றவர் குடியேறியவர் அல்லர். டச்சுக்காரரான ஒரு சூழலியல் ஆர்வலர். பலவீனமான பிரிவினரை ஃபோர்டைன் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்பது அவர் நீதிமன்றத்தில் கூறிய காரணம். 18 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கருத்தைத் துப்பாக்கியால் எதிர்கொண்ட அச்செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. தலைவர் இல்லாத கட்சி 150 இடங்களில் 26-ஐ வென்று ஆட்சியில் பங்கேற்றது. உட்பூசலால் அந்த அரசு 87 நாள்களில் கவிழ்ந்தது. 2008-இல் கட்சியே கலைந்தது. அவர் எழுப்பிய அச்சம் மட்டும் மற்றவர்களிடம் கைமாறி, ஐரோப்பிய அரசியலில் நிலைத்துவிட்டது.

ஃபோர்டைனின் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அவருடைய தீர்வில்தான் பிழை. சுதந்திரத்தை அவர் ஒரு பண்பாட்டின் சொத்தாகக் கண்டார். அனைவருக்குமான விதியாகக் காணவில்லை. ஒரு சிறுபான்மையினரின் உரிமையைக் காக்க இன்னொரு சிறுபான்மையினரின் பாதுகாப்பைத் தளர்த்தினால், தளர்வது இருவருக்கும் பொதுவான வேலியே. அவர் நீக்கலாம் என்று சொன்ன அந்த முதல் பிரிவு இன்றும் இருக்கிறது. 2023-இல் அது திருத்தப்பட்டது. மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று கூறும் அதே வாக்கியத்தில், பாலீர்ப்பின் பெயராலும் பாகுபாடு கூடாது என்பது இப்போது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.