தங்கையின் மரணத்தில் பிறந்த வைத்தியசாலை

எமது மலையகத் தோட்டங்களில் வாழும் பலருடைய மூதாதையர் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் போன்ற இடங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, அதனிடத்தில் தேயிலை தளிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில், அதே புதுக்கோட்டையில், 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி எனப் பெயர் பெற்றது. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவியாகிய நான் அவரைப் பற்றி எழுத விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. பெண்களின் உடலுக்குள் மறைந்து வளரும் நோயை முன்கூட்டியே அறிய வேண்டும் என்பதைத் தமிழ் மண்ணில் முதலில் உரத்துச் சொன்னவர்களுள் அவர் ஒருவர். அந்தத் தேவை இன்றும் எமது மலைகளில் தீர்ந்துவிடவில்லை.

அவருடைய தந்தை நாராயணசுவாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அதனால் அந்தக் குடும்பத்தைச் சமூகம் முழுமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. சிறு வயதில் முத்துலட்சுமிக்கு உடல்நலமும் குறைவு, கண்பார்வையும் குறைவு. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்ட காலத்தில், தந்தை அவருக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியடைந்த பின்னர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் கற்கும் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று சிலர் வாதாடினார்கள். புதுக்கோட்டை மகாராஜா அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார்.

1907ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டு சிறந்த சித்தியுடன் பட்டம் பெற்று வெளியேறினார். பின்னர் எழும்பூரில் இருந்த பெண்கள், குழந்தைகள் அரசு வைத்தியசாலையில் வைத்தியராகப் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டு டொக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். திருமணத்துக்கு முன்பே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அது. கணவர் அதை ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவு படித்த ஒரு வைத்தியரின் வீட்டுக்குள்ளேயே அந்தத் துயரம் நுழைந்தது. அவருடைய தங்கைக்கு வயிற்று நோய் வந்தது. முதலில் அது வயிற்றுளைவு என்றே கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். உண்மை தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. 1923ஆம் ஆண்டு, இளம் வயதிலேயே, அக்காவின் கண்முன்னே தங்கை இறந்துபோனார். வைத்தியராக இருந்தும் காப்பாற்ற முடியாத அந்த வேதனை முத்துலட்சுமியை விட்டு நீங்கவே இல்லை. அழுது தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எவருக்கும் இயல்பு. அவரோ அந்த மரணத்தைத் தன் வாழ்நாள் வேலையாக மாற்றிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் புற்றுநோயை ஏன் முன்கூட்டியே அறிய முடியவில்லை என்று நாம் கேட்கலாம். கட்டி கைக்குத் தட்டுப்பட வேண்டும், அல்லது இரத்தம் போக வேண்டும், அல்லது வலி தாங்க முடியாமல் போக வேண்டும். அதற்குப் பிறகே வைத்தியருக்கு நோய் தெரியும். நோய் வெளியே தெரிவதற்கு முன்னர் உடல் சில அடையாளங்களைக் காட்டுகிறது. கலங்களின் தோற்றத்தில் ஏற்படும் மாற்றமாகவோ, குருதியில் கூடும் ஒரு புரதமாகவோ, கலங்களில் ஒளிந்திருக்கும் வைரசின் மரபணுவாகவோ அது இருக்கலாம். இவற்றையே உயிரியல் குறிகாட்டிகள் என்று இன்று அழைக்கிறோம். 1923ஆம் ஆண்டில் அவற்றை வாசிக்க மருத்துவ உலகம் கற்றிருக்கவில்லை.

ஆனால் அதே 1920களில் நியூயோர்க் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் அந்த வாசிப்புத் தொடங்கியிருந்தது. கிரேக்க நாட்டில் பிறந்த ஜோர்ஜ் பாப்பனிக்கொலோ என்ற வைத்தியர் பெண்களின் உடலிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணாடி வழுக்கியில் பூசி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்து வந்தார். அவருடைய மனைவி மேரி தன்னையே அந்த ஆய்வுக்குப் பல ஆண்டுகள் ஒப்புக்கொடுத்தார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க் கலங்கள் வேறுபட்டுத் தெரிவதை அவர் கண்டுகொண்டார். கலத்தின் கரு பெருத்தும் கறுத்தும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். 1928ஆம் ஆண்டு அவர் இதை அறிவித்தபோது மருத்துவ உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1941ஆம் ஆண்டு ஹேர்பர்ட் டிராவுட் என்ற வைத்தியருடன் சேர்ந்து மீண்டும் வெளியிட்ட பிறகே அது ஏற்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் பாப் பரிசோதனை என்று சொல்லப்படுவது அவருடைய பெயரின் முற்பகுதிதான்.

நாம் மீண்டும் சென்னைக்கு வருவோம். தங்கை இறந்து இரண்டு ஆண்டுகளில் முத்துலட்சுமி பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேலும் கற்பதற்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிய வைத்தியசாலையிலும் பயிற்சி பெற்றார். முறையான சிகிச்சை கிடைத்தால் இந்த நோயுடனும் போராடலாம் என்பதை அங்கே நேரில் கண்டார். நாடு திரும்பியதும் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண் அவரே. சபையின் துணைத் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947ஆம் ஆண்டு சட்டமாக முடிந்தது. முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிப்பதற்கு ஒரு விடுதி வேண்டும் என்று பாடுபட்டு அதனைத் திறக்கச் செய்ததும் அவர் செய்த பணிகளில் ஒன்று. ஒரு முஸ்லிம் மகளிர் கல்லூரியில் இருந்து இதை எழுதும்போது அந்தச் செய்தி என் நெஞ்சைத் தொடுகிறது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930ஆம் ஆண்டு பதவியைத் துறந்தார். எங்கும் இடம் கிடைக்காத சில பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இத்தனை பணிகளுக்கு நடுவிலும் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி வைத்தியசாலை வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். அது உடனே நிறைவேறவில்லை. புற்றுநோய் வந்தால் சாவு நிச்சயம், அதற்கு ஒரு வைத்தியசாலை எதற்கு என்ற எண்ணமே எங்கும் இருந்தது. அவர் பொறுத்திருந்தார், ஆனால் சும்மா இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி வைத்தியசாலை திறக்கப்பட்டது. தங்கை இறந்து முப்பத்தொரு ஆண்டுகள் கடந்திருந்தன. முத்துலட்சுமிக்கு வயது அறுபத்தேழு.

அன்று அங்கே இருந்தவை 12 கட்டில்கள் மட்டுமே. அவருடைய மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தி சத்திரசிகிச்சை நிபுணராக அதைத் தாங்கி நின்றார். 1955ஆம் ஆண்டு டொக்டர் சாந்தா என்ற இளம் பெண் வைத்தியர் வந்து சேர்ந்தார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பணம் இல்லாதவர் என்பதற்காக எவரும் சிகிச்சையின்றித் திரும்பக் கூடாது என்பதே அவ்வைத்தியசாலையின் கொள்கை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு வந்த ஏழைக் கிராமத்துப் பெண்கள் பலர் மிகவும் பிந்தியே வந்தார்கள். ஆகவே நோய் வந்த பின் சிகிச்சை செய்வதோடு நின்றுவிடாமல், முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பணியையும் அந்த நிறுவனம் தன் கையில் எடுத்துக்கொண்டது.

முத்துலட்சுமி அம்மையார் 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலமானார். அதன் பின்னர் விஞ்ஞானம் வெகுதூரம் வந்துவிட்டது. ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மனிதப் பப்பிலோமா வைரசே காரணம் என்பதை நிறுவி 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அந்த வைரசின் 16ஆம், 18ஆம் வகைகள் மட்டுமே இந்நோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். வைரசு தொற்றிய பின் புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் செல்லும். அந்த நீண்ட இடைவெளியில் ஒரு தடவை பரிசோதித்தாலும் மாற்றத்தைக் கண்டு அகற்றிவிடலாம்.

எல்லாக் குறிகாட்டிகளும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. சூலகப் புற்றுநோயில் சிஏ 125 என்ற புரதம் குருதியில் கூடுவது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஆனால் அதே புரதம் மாதவிடாய்க் காலத்திலும், கர்ப்பத்திலும், கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய இழையம் வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் நோயிலும் கூடலாம். புற்றுநோயின் தொடக்கத்தில் கூடாமலும் இருக்கலாம். ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எவரும் பயப்படவும் கூடாது, நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. குறிகாட்டி ஒரு கதவைத் தட்டும் ஓசை மாதிரி. தட்டுவது யார் என்பதை வைத்தியர்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இனி எமது ஊருக்கு வருகிறேன். இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கீழ் இவை இலவசமாக இயங்குகின்றன. முக்கியமாக 35 வயதை எட்டிய பெண்களை அழைத்து, பாப் பரிசோதனையோடு மார்பகம், இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. நானும் என் வகுப்புத் தோழிகளும் அதைப் பெற்றவர்கள்தான். கை வலிக்கிறது என்று அன்று சிணுங்கிய எங்களுக்கு, அந்த ஊசிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

எங்களுக்கு ஊசி கிடைத்தது. எங்கள் உம்மாமாருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது பரிசோதனை ஒன்றுதான். ஆனால் போகிறவர்கள் குறைவு. என் வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடம் உம்மா இதைப் பற்றிக் கேட்டார். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர் இல்லை, சுகமாக இருக்கும்போது கிளினிக்குக்கு எதற்குப் போவது என்றார் அவர். அவர் போனதும் நான் உம்மாவிடம், நீங்கள் போனீர்களா என்று கேட்டேன். உம்மாவுக்கு வயது 41. குடும்ப நல உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். ஒருவருக்கு நாட்சம்பளம் தடை, மற்றவருக்கு வெட்கம் தடை. இரண்டு பேருக்கும் ஆபத்து ஒன்றுதான். அடுத்த நாள் இரவு, யார் பரிசோதிப்பார்கள், பெண்தானா என்று உம்மா மெதுவாகக் கேட்டார். குடும்ப நல உத்தியோகத்தரிடம் விசாரித்து வந்து சொன்னேன். அடுத்த கிளினிக் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். நானும் கூடப் போவேன்.

தோழிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதந்தோறும் பாடசாலைக்கு வர முடியாத அளவுக்கு வலியால் துடிக்கும் பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அடக்கிவிடுவதே வழக்கம். அளவுக்கு மீறிய வலியும் உதிரப்போக்கும் உடல் சொல்லும் சேதிகள். அவற்றை உம்மாவிடம் சொல்லுங்கள். உம்மா வைத்தியரிடம் சொல்லட்டும்.

பெற்றோரே, உலக சுகாதார நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்குள் எட்டுவதற்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறது. 90 சதவீதமான சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதமான பெண்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதமானோருக்குச் சிகிச்சை என்பதே அது. முதல் எண்ணைப் பாடசாலைகள் பார்த்துக்கொள்ளும். நடுவில் உள்ள எண்ணை எட்டுவது வீடுகளின் கையில் இருக்கிறது. உடல் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நாம் கற்றிருக்கிறோம். அமானிதத்தைக் கவனிப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

முத்துலட்சுமி அம்மையாருக்குத் தன் தங்கையைக் காப்பாற்றும் வழி அன்று இருக்கவில்லை. அதனால்தான் மற்றவர்களின் தங்கைமாருக்காக ஒரு வழியை அமைத்துத் தந்தார். நமக்கோ வழி ஊருக்குள்ளேயே, இலவசமாகத் திறந்து கிடக்கிறது. இம்மாதம் உங்கள் வீட்டில் உள்ள உம்மாவிடமும் சாச்சியிடமும் மாமியிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிளினிக்குக்குப் போய்விட்டீர்களா?