கலீபா உமர் (ரலி) அவர்களின் இறுதி நாட்கள்

நீதிக்கு இலக்கணமாகத் திகழ்ந்த இரண்டாம் கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கி.பி. 634 முதல் பத்தாண்டுகள் ஆட்சி புரிந்தார்கள். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை வகுத்தவர்கள் அவர்களே. பாரசீகமும் எகிப்தும் அவர்களின் ஆணைக்கு உட்பட்டிருந்தன. எனினும், காவலர் எவரும் சூழாமல் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதே அவர்களின் வழக்கம்.

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதத்தின் இறுதி. மதீனாவில் சுபுஹுத் தொழுகைக்கு அணிகளை நேராக்கிவிட்டுக் கலீபா தக்பீர் கூறினார்கள். முகீரா (ரலி) அவர்களின் பாரசீக அடிமையான அபூலுஃலுஆ, தன்மீது விதிக்கப்பட்ட வரியைக் குறைக்கவில்லை என்று சினம் கொண்டிருந்தான். அவன் இருமுனைக் கத்தியால் கலீபாவைக் குத்தினான். ஒரு குத்து தொப்புளுக்குக் கீழே ஆழமாக இறங்கியது. தப்பி ஓடும்போது மேலும் 13 பேரைக் குத்தினான்; அவர்களுள் 7 பேர் மாண்டனர். பிடிபட்டதும் தன்னையே மாய்த்துக் கொண்டான். குருதி பெருகிய நிலையிலும் கலீபா அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பற்றி, தொழுகையை நடத்தி முடிக்க முன்னிறுத்தினார்கள்.

வீட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டதும் மருத்துவர் வரவழைக்கப்பட்டார். கத்தி குடலை எட்டியதா என்பதே அவர் அறிய வேண்டியிருந்தது. பேரீச்சம்பழம் ஊறிய நீரைப் பருகக் கொடுத்தார்கள். அது காயத்தின் வழியே வெளிவந்தது. செந்நிறமாக இருந்ததால் குருதியோ என்ற ஐயம் எழுந்தது. பிறகு பாலைக் கொடுத்தார்கள். பால் வெண்மை மாறாமல் வெளியேறியது. ஐயம் அகன்றது. மரண சாசனம் செய்துவிடுமாறு மருத்துவர் ஒளிவு மறைவின்றிக் கூறினார். உண்மையை உரைத்தார் என்று கலீபா அவரை மெச்சினார்கள்.

துளைபட்ட குடலிலிருந்து உணவும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கசிந்து சீழ் பிடித்தால், அதைத் தீர்க்கும் வழி அன்று இல்லை. இன்று உண்டு. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் தளர்ந்தாலோ, வயிறு பலகைபோல் இறுகினாலோ, குடல் வெளியே தள்ளினாலோ மருத்துவர்கள் தாமதமின்றி வயிற்றைத் திறந்து, ஓட்டையைத் தைக்கிறார்கள். அவ்வறிகுறிகள் இல்லையெனில் ஸ்கேன் எடுத்து, மணிக்கணக்கில் கண்காணிக்கிறார்கள். ஏனெனில் எல்லாக் குத்துகளும் குடலைத் துளைப்பதில்லை. வெளிக்காயம் சிறிதாயிருப்பதால் உட்காயமும் சிறிதென்று எண்ணிவிடவும் இயலாது.

ஆகவே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரங்களில் வாழும் நாம் ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். அன்று சோதனையாகக் கொடுத்த பானத்தை இன்று கொடுக்கவே கூடாது. வயிற்றில் குத்துப்பட்டவருக்குத் தண்ணீரும் தரலாகாது. செருகி நிற்கும் கத்தியைப் பிடுங்கலாகாது. வெளிவந்த குடலை உள்ளே தள்ளலாகாது. சுத்தமான ஈரத்துணியால் மூடி, 108 ஆம்புலன்ஸை அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவரின் வாய்மையால் கிடைத்த சில நாட்களைக் கலீபா அவர்கள் வீணாக்கவில்லை. தம் கடனைக் கணக்கிடுமாறு மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். ஏறத்தாழ 86,000 திர்ஹம் இருந்தது. அதைத் தம் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிடில் தம் குலத்தாரிடமிருந்தும் பெற்று அடைக்குமாறு கூறினார்கள். அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு நபித்தோழர்களை நியமித்தார்கள். மகனாருக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே, பதவி இல்லை. தம்மைக் குத்தியவன் முஸ்லிமல்லாதவன் என்றறிந்தும், பாதுகாப்பு அளிக்கப்பட்ட பிற சமயத்தாரின் உடன்படிக்கையைக் காக்குமாறும், தாங்கவியலாச் சுமையை அவர்கள்மீது ஏற்றலாகாதென்றும் வருங்கால ஆட்சியாளருக்கு வலியுறுத்தினார்கள். வயிற்றில் ஆறாத காயத்தோடு ஒருவர் நீதிக்குச் செய்த இறுதிக் கடமை அது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருகே அடங்க, கலீபா என்ற உரிமையில் அல்லாது உமர் என்ற பெயரிலேயே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி வேண்டினார்கள். அன்னையார் தமக்கென வைத்திருந்த இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். தாம் இறந்த பின்னும் மீண்டும் ஒருமுறை அனுமதி கேட்குமாறும், மறுத்தால் பொது அடக்கத்தலத்தில் அடக்குமாறும் சொல்லிவிட்டே கலீபா அவர்கள் கண் மூடினார்கள். மறுப்பு வரவில்லை.