டேவ் கல்லஹர்

டேவ் கல்லஹர் (அக்டோபர் 30, 1873 – அக்டோபர் 4, 1917) அயர்லாந்தில் பிறந்த நியூசிலாந்து ரக்பி ஆட்டக்காரர் ஆவார். 1905–1906ஆம் ஆண்டுகளில் பிரித்தானியத் தீவுகள், பிரான்சு, வட அமெரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்ற நியூசிலாந்து அணிக்கு இவர் தலைமை தாங்கினார். பின்னாளில் அசல் அணி என்று அழைக்கப்பட்ட அக்குழு மேற்கொண்ட பயணத்தின்போதுதான் 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் உலகறிந்தது. நியூசிலாந்துக்காக 36 ஆட்டங்களில் ஆடிய இவர் அவற்றுள் 6 டெஸ்ட் ஆட்டங்களிலும் பங்கேற்றார். பின்னர் தேசிய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராக விளங்கினார். முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தில் உயிரிழந்தார்.

இளமை

கல்லஹர் அயர்லாந்தின் டொனிகால் மாவட்டத்திலுள்ள ராமெல்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பப் பெயர் முதலில் கல்லகர் என்றே இருந்தது. நியூசிலாந்தில் குடியேறிய பின் அதன் எழுத்து மாறியது. 1878இல் இவருடைய குடும்பம் ஜார்ஜ் வெசி ஸ்டூவர்ட்டின் குடியேற்றத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் கட்டிகட்டி பகுதிக்குச் சென்றது. தாயார் அங்கு ஆசிரியையாகப் பணியாற்றிக் குடும்பத்தைத் தாங்கினார். 1887இல் அவர் புற்றுநோயால் இறந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் ஆக்லாந்துக்குப் பெயர்ந்தது. கல்லஹர் இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். அக்காலத்து ரக்பி ஊதியமில்லா விளையாட்டு ஆகையால் ஆட்டக்காரர் எவருக்கும் வேறு தொழில் இன்றியமையாததாக இருந்தது.

1895இல் ஆக்லாந்தின் போன்சன்பி கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆக்லாந்து மாகாண அணியில் இடம் கிடைத்தது. 1901 சனவரியில் இரண்டாம் போயர் போருக்கான நியூசிலாந்துப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்கா சென்றார். படையில் சேரும்போது தம் வயதை மூன்று ஆண்டுகள் குறைத்துக் கூறினார். இப்பிழையான வயது பின்னர் இவர் கல்லறை வரை தொடர்ந்தது. 1902இல் நாடு திரும்பியபோது இவர் குதிரைப்படைப் பிரிவொன்றில் சார்ஜன்ட் மேஜர் தரத்தை எட்டியிருந்தார்.

நியூசிலாந்து அணியில்

1903இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற நியூசிலாந்து அணிக்குத் தேர்வு செய்யப்பட்டார். அப்போது இவருக்கு வயது 29. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று சிட்னியில் நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடி 22–3 என்ற கணக்கில் வென்றது. 1904இல் வெலிங்டனில் பிரித்தானிய அணியை 9–3 என வென்ற ஆட்டத்திலும் இவர் பங்கேற்றார். தொடக்கத்தில் ஹூக்கராக, அதாவது ஸ்க்ரமின் முதல் வரிசையில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவராக, ஆடினார். பின்னர் விங் ஃபார்வர்டு என்ற இடமே இவருக்குரியதாயிற்று. இவருடைய புகழுக்கும் இவர் மீது எழுந்த பழிக்கும் காரணம் இவ்விடமே ஆதலால் அதனைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

ஆட்டமுறை

ஸ்க்ரம் என்பது சிறு விதிமீறலுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறை ஆகும். இரு அணிகளின் முன்னணி ஆட்டக்காரர்களும் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து, எதிரெதிராகத் தள்ளுவர். இடையில் பந்து உருட்டி விடப்படும். அதனைக் காலால் தம் பக்கம் இழுத்துப் பின்னே நிற்கும் ஹாஃப்பேக்கிடம் சேர்க்கும் அணிக்கே தாக்கும் வாய்ப்பு அமையும்.

பிரித்தானிய அணிகள் எட்டுப் பேரை ஸ்க்ரமில் நிறுத்தின. முதல் வரிசையில் மூவர் நின்றனர். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு அங்கே திட்டமான ஏற்பாடு கிடையாது. ஸ்க்ரம் அமையும் இடத்துக்கு முதலில் வந்தவர் முதலில் குனிந்தார். நியூசிலாந்து அணியோ ஏழு பேரை மட்டும் இரண்டு, மூன்று, இரண்டு என்ற வரிசைகளில் நிறுத்தியது. முதல் வரிசை இருவரும் ஹூக்கர்கள். நடு வரிசையின் நடுவில் நின்ற லாக் அவ்விருவரையும் பின்னிருந்து ஒன்றாக இறுக்கிப் பிடித்தார். இந்த ஏழு பேர் அமைப்பு ஓர் ஆப்பு போல எதிரணியின் வரிசைக்குள் புகுந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு வேலை என வகுக்கப்பட்டிருந்ததால் பந்து விரைவாக வெளிவந்தது.

எஞ்சிய எட்டாமவரே விங் ஃபார்வர்டு. பந்தை ஸ்க்ரமுக்குள் இடுவது இவர் பணி. இதனால் ஹாஃப்பேக் பின்னால் ஆயத்தமாகக் காத்திருக்க முடிந்தது. பந்தை இட்டபின் விங் ஃபார்வர்டு ஸ்க்ரமின் பக்கவாட்டில் ஒரு கையைப் பற்றி நின்றுகொள்வார். பந்தோ அவரைக் கடந்து பின்னே சென்றுவிடும். நியூசிலாந்து ஹாஃப்பேக்கைப் பிடிக்க ஓடிவரும் எதிரணியாளர் முதலில் இவரைச் சுற்றியே வர வேண்டியிருந்தது.

இது விதிக்கு உட்பட்டதா? ஸ்க்ரமைப் பற்றி நிற்பவர் அதன் பகுதியே ஆவார் என்பது நியூசிலாந்தின் வாதம். பந்துக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுப்பவர் விதியை மீறுகிறார் என்பது பிரித்தானியர் வாதம். கல்லஹர் பந்தைச் சுழற்றி இடுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நடுவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்பளித்தனர். பார்வையாளர்கள் கூச்சலிட்டனர், நாளிதழ்கள் இவரை ஏமாற்றுக்காரர் என்ற பொருள்பட எழுதின. ஆயினும் விங் ஃபார்வர்டு கல்லஹரின் கண்டுபிடிப்பு அன்று. 1890களில் நியூசிலாந்து அணியின் தலைவராக விளங்கிய மாவோரி ஆட்டக்காரர் தாமஸ் எலிசனுடன் அம்முறை தொடர்புபடுத்தப்படுகிறது. நாடு முழுவதும் வழங்கிய ஒரு முறைக்கான பழியை, அம்முறை பழக்கமில்லாத மண்ணில் அதனை ஆடிக்காட்டியவர் ஒருவரே சுமந்தார் என்பதே பொருத்தமான கூற்று.

ஸ்க்ரமில் ஒருவரைக் குறைத்ததால் பின்னணியில் ஆள் மிகுந்தது. ஹாஃப்பேக்குக்கும் வெளி வரிசைக்கும் இடையே ஃபைவ்-எய்ட்த் எனப்படும் இருவர் நின்று பந்தை அகலமாகக் கடத்தினர். திட்டமிட்ட நகர்வுகளும் மறைகுறிகளும் பயன்பட்டன.

1905ஆம் ஆண்டு அணித் தேர்வு

பயணத்துக்கான அணியின் தலைவராகக் கல்லஹரையும் துணைத் தலைவராக சவுத்லாந்தைச் சேர்ந்த பில்லி ஸ்டெட்டையும் நியூசிலாந்து ரக்பி ஒன்றியம் அமர்த்தியது. பயிற்சியாளராக ஜிம்மி டங்கன் அனுப்பப்பட்டார். 1905 சூலை 30 அன்று 'ரிமுட்டாக்கா' என்ற கப்பலில் அணி வெலிங்டனிலிருந்து புறப்பட்டது.

கடலில் சில நாட்கள் கழியும் முன்பே பிளவு தெரிந்தது. ஆக்லாந்து ஆட்டக்காரர்களுக்குச் சலுகை காட்டப்படுகிறது என்று தென்பகுதி ஆட்டக்காரர் சிலர் கருதினர். தலைவரை ஒன்றியம் திணித்தது சரியன்று என்றும், அணியினரே தெரிவு செய்திருக்க வேண்டும் என்றும் முறையிட்டனர். கல்லஹர் தம் பதவியைத் துறக்க முன்வந்தார். ஸ்டெட்டும் அவ்வாறே செய்தார். மேலாளர் ஜார்ஜ் டிக்சன் அதனை ஏற்கவில்லை. இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது. 17 பேர் ஒன்றியத்தின் தெரிவை ஆதரித்தனர். அஃது ஒருமனதான ஆதரவு அன்று. எனினும் அதன் பிறகு தலைமை குறித்து வெளிப்படையான சச்சரவு எழவில்லை.

எஞ்சிய கடற்பயண நாட்களில் கப்பல் தளத்திலேயே உடற்பயிற்சி நடந்தது. முன்னணியினரைக் கல்லஹரும் பின்னணியினரை ஸ்டெட்டும் பழக்கினர். நடைமுறையில் அணியின் பயிற்சி இவ்விருவர் கையிலேயே இருந்தது. கல்லஹர் ஒழுங்கில் கண்டிப்பானவர். போர்க்களத்தில் பெற்ற பழக்கம் அதற்குக் காரணமாகலாம்.

பிரித்தானியப் பயணம்

செப்டம்பர் 16 அன்று எக்சிட்டர் நகரில் டெவன் மாவட்ட அணியுடன் முதல் ஆட்டம் நடந்தது. டெவன் அவ்வேளை இங்கிலாந்தின் வலிமையான மாவட்ட அணிகளுள் ஒன்று. நியூசிலாந்து 55–4 என வென்றது. பில்லி வாலஸ் தனியொருவராக 28 புள்ளிகள் எடுத்தார். இம்முடிவைத் தந்தியில் பெற்ற சில நாளிதழ் அலுவலகங்கள் எண்கள் தவறாக வந்திருப்பதாக எண்ணின என்று கூறப்படுகிறது. ஆட்டக்காரர் அனைவரும் பின்னணியினர் போல ஓடியதால் 'ஆல் பேக்ஸ்' என்று எழுதப்பட்டு, அச்சுப்பிழையால் 'ஆல் பிளாக்ஸ்' ஆயிற்று என்ற கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் முழுவதும் கறுப்பான சீருடையே அப்பெயருக்குக் காரணம் என்பதே ஏற்கத்தக்கது.

நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் நியூசிலாந்து பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் ஜார்ஜ் ஸ்மித்தின் ஓட்டத்தால் முன்னேறி, 12–7 என வென்றது. அவ்வாட்டத்தில் பட்ட காயத்தால் அடுத்த வாரம் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகக் கல்லஹர் ஆட இயலவில்லை. தாம் பிறந்த நாட்டுக்கு எதிரான ஒரே வாய்ப்பு இவ்வாறு தவறியது. ஸ்டெட் தலைமையில் நியூசிலாந்து 15–0 என வென்றது. இங்கிலாந்தும் அதே கணக்கில் தோற்றது.

கார்டிஃப் ஆட்டம்

1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியைச் சந்தித்தபோது நியூசிலாந்து பிரித்தானியத் தீவுகளில் ஓர் ஆட்டத்திலும் தோற்றிருக்கவில்லை. ஆனால் ஸ்மித், ஸ்டெட், லாக் பில் கன்னிங்ஹாம் ஆகிய மூவரும் அன்றைய அணியில் இல்லை. ஸ்டெட்டின் இடத்தில் சைமன் மைனட் ஆடினார். வாலஸ் பக்கவாட்டுக்கு மாற்றப்பட, ஜார்ஜ் கில்லெட் கடைக்காவலராக நின்றார். ஒவ்வோர் இடத்துக்கும் தனித் தேர்ச்சி வேண்டும் என்ற முறையில் பழகிய அணிக்கு இம்மாற்றங்கள் சிறியவை அல்ல.

வேல்ஸ் நன்கு ஆயத்தமாகியிருந்தது. எதிரணியின் முறையையே பின்பற்றி ஏழு முன்னணியினரை மட்டும் நிறுத்தி, கிளிஃப் பிரிட்சர்டைக் கூடுதல் ஆளாகப் பின்னே வைத்தது. நியூசிலாந்தின் இரு ஹூக்கர்களும் பிணைந்த பின்னரே தன் முதல் வரிசையின் மூன்றாமவரைப் புகுத்தி, பந்து வரும் பக்கத்தைக் கைப்பற்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நடுவர் ஜான் டல்லாஸ், கல்லஹர் பந்தை இட்ட முறைக்காக மீண்டும் மீண்டும் தண்டனை உதை வழங்கினார். ஒரு கட்டத்தில், பந்துக்குப் போட்டியிட வேண்டாம் என்று கல்லஹர் தம் ஹூக்கர்களுக்குச் சொன்னார். தண்டனையைத் தவிர்க்க, அணியின் முதன்மை ஆயுதத்தையே கைவிட்டதாயிற்று.

முதல் பாதியில் வேல்ஸ் ஹாஃப்பேக் டிக்கி ஓவன் ஒரு பக்கம் செல்வது போலக் காட்டி மறுபக்கம் பந்தைக் கடத்த, டெடி மார்கன் கோட்டைக் கடந்து ட்ரை எடுத்தார். அன்று ட்ரைக்கு 3 புள்ளிகள். பிற்பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டருகே வீழ்த்தப்பட்டார். பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டதாக அவர் இறுதிவரை கூறினார், நடுவர் ஏற்கவில்லை. வேல்ஸ் 3–0 என வென்றது. கல்லஹர் நடுவரைக் குறை கூறாமல், வேல்ஸ் சிறந்த அணியாக ஆடியது என்று ஏற்றுக்கொண்டார். டீன்சின் ட்ரை பற்றிய வாதம் நூறாண்டுகளைக் கடந்து நீடித்தது. ஆனால் தோல்விக்கான காரணத்தை ஆராய்வோர் அந்த ஒரு நொடியைவிட ஸ்க்ரமில் நடந்ததையே கூர்ந்து நோக்க வேண்டும்.

பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் இஃதொன்றே தோல்வி. மொத்தம் 976 புள்ளிகள் எடுத்த அணி 59 புள்ளிகளே விட்டுக்கொடுத்தது. பிரான்சுடன் 1906 சனவரி 1 அன்று பாரிசில் நடந்த ஆட்டமே கல்லஹரின் கடைசி டெஸ்ட் ஆகும். அதில் நியூசிலாந்து 38–8 என வென்றது.

நூல்

பயணம் முடியும் தறுவாயில் ஒரு பதிப்பாளர் கேட்டதற்கிணங்க, கல்லஹரும் ஸ்டெட்டும் இணைந்து 'த கம்ப்ளீட் ரக்பி ஃபுட்பாலர்' என்ற நூலை எழுதினர். இது 1906இல் வெளியானது. செருப்புத் தைக்கும் தொழிலாளியான ஸ்டெட்டே பெரும்பகுதியை எழுதினார். கல்லஹர் வரைபடங்களுக்கும் திருத்தத்துக்கும் உதவினார். தேர்வு, பயிற்சி, ஆட்ட உத்தி ஆகியவற்றை முறைப்படுத்திக் கூறும் இந்நூல் ரக்பி இலக்கியத்தில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது.

தேர்வாளர்

1906 அக்டோபரில் கல்லஹர் எலன் ஐவி மே பிரான்சிஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள். மனைவியின் உடன்பிறந்தார் ஆர்தர் பிரான்சிசும் நியூசிலாந்து அணியில் ஆடியவர் ஆவார்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஆக்லாந்தின் தேர்வாளராகவும் பயிற்சியாளராகவும் 1906 முதல் 1916 வரை பணியாற்றினார். 1905இல் ரான்ஃபர்லி கேடயத்தை வென்ற ஆக்லாந்து, தொடர்ந்து 23 முறை அதனைக் காத்து, 1913இல்தான் டரனாக்கியிடம் இழந்தது. 1907 முதல் 1914 வரை தேசியத் தேர்வாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1908இல் வந்த ஆங்கிலேய-வேல்ஸ் கூட்டணிக்கு எதிரான மூன்று டெஸ்டுகளில் நியூசிலாந்து 32–5, 29–0 என இரண்டை வென்றது. இடையில் நடந்த ஆட்டம் 3–3 எனச் சமனில் முடிந்தது.

போரும் இறப்பும்

42 வயதில், கட்டாயப் படைச்சேர்ப்புக்கு உட்படாத நிலையிலும், 1916 மே மாதம் கல்லஹர் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். தம்பி டக்ளசின் இறப்புக்குப் பழி தீர்க்கவே சேர்ந்தார் என்று கூறப்படுவதுண்டு. ஆனால் ஆஸ்திரேலியப் படையிலிருந்த டக்ளஸ் கொல்லப்பட்டது 1916 சூன் 3 அன்று என்பதால் அக்கூற்று பொருந்தாது. 1917 பிப்ரவரியில் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தில், பாசண்டேல் தாக்குதலின் ஒரு பகுதியான புரூட்சைண்ட சண்டையில், குண்டுச் சிதறல் முகத்தில் பட்டு அன்றே இறந்தார். பொப்பரிங்க அருகேயுள்ள நைன் எல்ம்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1918 ஏப்ரலில் மற்றொரு சகோதரர் ஹென்றியும் போரில் மாண்டார்.

நினைவு

ஆக்லாந்து கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு 1922இல் கல்லஹர் கேடயம் நிறுவப்பட்டது. இவர் ஆடிய விங் ஃபார்வர்டு இடம் அதற்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1930இல் வந்த பிரித்தானிய அணியின் மேலாளர் ஜேம்ஸ் பாக்ஸ்டர் அதனைக் கடுமையாகச் சாடினார். முதல் வரிசையில் மூவர் நிற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபின், 1930களின் தொடக்கத்தில் நியூசிலாந்து இரண்டு-மூன்று-இரண்டு அமைப்பையும் அவ்விடத்தையும் கைவிட்டது.

2000ஆம் ஆண்டு முதல் நியூசிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான ஆட்டங்களுக்கு டேவ் கல்லஹர் கோப்பை வழங்கப்படுகிறது. 2005 நவம்பரில் டானா உமாகா தலைமையிலான ஆல் பிளாக்ஸ் அணியினர் டொனிகால் சென்றபோது, லெட்டர்கென்னி ரக்பி கழகத்தின் ஆடுகளத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 2011இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க் அரங்கின் முன் இவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.