ஜே. சி. ஜேக்கப்சன்

ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன் (செப்டம்பர் 2, 1811 – ஏப்ரல் 30, 1887) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த தொழிலதிபரும் கொடையாளரும் ஆவார். உலகப் புகழ் பெற்ற கார்ல்ஸ்பர்க் பியர் ஆலையை 1847 ஆம் ஆண்டில் நிறுவியவர் இவரே. அயல்நாட்டு ஆலையொன்றில் நேரில் கண்டு கற்ற முறையைத் தம் நாட்டிற்குக் கொண்டு வந்து, அதனை அறிவியல் ஆய்வின் துணையுடன் வளர்த்தெடுத்தார். தம் ஆய்வகத்தின் கண்டுபிடிப்புகளைத் தொழில் இரகசியமாக மறைத்து வைக்கக் கூடாது என்பது இவர் வகுத்த விதியாகும்.

இளமை

ஜேக்கப்சன் கோபன்ஹேகனில் பிறந்தார். இவருடைய தந்தை கிறிஸ்டென் ஜேக்கப்சன், யூட்லாந்துப் பகுதியிலிருந்து தலைநகருக்கு வந்து குடியேறி, சிறிய பியர் ஆலை ஒன்றை நடத்தி வந்தார். மகன் அந்த ஆலையிலேயே தொழில் கற்றார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் பெறாவிட்டாலும், மின்னோட்டத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை 1820 இல் கண்டறிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டின் அறிவியல் விரிவுரைகளைக் கேட்டார். 1835 இல் தந்தை இறந்தபின் ஆலையின் பொறுப்பை ஏற்றார். 1839 இல் லாரா ஹோல்ஸ்ட் என்பவரை மணந்தார். இவர்களுடைய மகன் கார்ல் 1842 இல் பிறந்தார்.

மியூனிக் பயணம்

அக்காலத்தில் டென்மார்க்கில் தயாரிக்கப்பட்ட பியர், சற்று வெதுவெதுப்பான நிலையில் நொதிக்க வைக்கப்படுவது. அதில் ஈஸ்ட் மேற்பரப்பில் மிதந்து வேலை செய்யும். அது விரைவில் கெட்டுவிடும். ஒருமுறை தயாரித்தது போல மறுமுறை அமைவதும் அரிது. செருமனியின் பவேரியப் பகுதியிலோ வேறு முறை வழக்கில் இருந்தது. அங்கு ஈஸ்ட் கலத்தின் அடியில் படியும். நொதித்தல் குளிர்ந்த நிலையில் மெதுவாக நடைபெறும். பின்னர் பியர் குளிர்ந்த நிலவறைகளில் பல வாரங்கள் முதல் மாதங்கள் வரை வைத்துப் பதப்படுத்தப்படும். இதுவே லாகர் வகை எனப்படுகிறது.

மியூனிக் நகரின் புகழ் பெற்ற ஷ்பாட்டன் ஆலையைக் கேப்ரியல் செட்ல்மையர் அப்போது நடத்தி வந்தார். அவரும் தம் இளமையில், 1833 இல், வியன்னாவைச் சேர்ந்த அன்டன் டிரேயருடன் பிரித்தானிய ஆலைகளைச் சுற்றிப் பார்த்துத் தொழில் நுணுக்கம் அறிந்தவர். ஜேக்கப்சன் அவருடைய ஆலைக்குச் சென்று லாகர் தயாரிக்கும் முறையைக் கற்றார். 1845 இல் அங்கிருந்து சிறிதளவு ஈஸ்டைப் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார்.

ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிராதலால், நீண்ட பயணத்தில் வெப்பம் தாக்கினால் இறந்துவிடும். குதிரை வண்டிகளில் பல நாட்கள் செல்ல வேண்டியிருந்தது. ஜேக்கப்சன் ஈஸ்ட் கலங்களைத் தொப்பி வைக்கும் பெட்டியில் வைத்து, வண்டி நின்ற இடங்களிலெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றி அவற்றைக் காத்தார் எனக் கூறப்படுகிறது. இவ்வாறு வந்து சேர்ந்த ஈஸ்டைக் கொண்டு தயாரித்த பியரை, கோபன்ஹேகன் நகரின் கோட்டை அரணின் கீழிருந்த நிலவறைகளில் வைத்துப் பதப்படுத்தினார்.

கார்ல்ஸ்பர்க் ஆலை

நகருக்குள் இருந்த பழைய ஆலையில் இடமும் நல்ல நீரும் போதவில்லை. எனவே நகருக்கு வெளியே வால்பி என்னுமிடத்தில், குன்றின் மீது புதிய ஆலையை அமைத்தார். கோபன்ஹேகனிலிருந்து ரொஸ்கில்ட் செல்லும் இருப்புப்பாதை 1847 இல் திறக்கப்பட்டதும் இவ்விடத்திற்கு வசதியாயிற்று. மகனின் பெயரான கார்ல் என்பதுடன், மலை எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்து ஆலைக்குக் கார்ல்ஸ்பர்க் எனப் பெயரிட்டார். 1867 இல் தீவிபத்தால் ஆலை பெரும் சேதமடைந்தபோதும் அதனை மீண்டும் கட்டியெழுப்பினார். 1868 இல் ஸ்காட்லாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது.

ஆய்வகமும் அறக்கட்டளையும்

ஜேக்கப்சன் 1875 இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1876 இல் கார்ல்ஸ்பர்க் அறக்கட்டளையை நிறுவி, அதன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை டென்மார்க்கின் அரச அறிவியல் கழகத்திற்கு அளித்தார். நொதித்தல் குறித்த லூயி பாஸ்டரின் ஆய்வுகளில் இவருக்குப் பெருமதிப்பு இருந்தது.

ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கியெல்டால், பொருட்களிலுள்ள நைதரசனின் அளவைக் கண்டறியும் முறையை 1883 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பியர் கெடுவதற்கு வேண்டாத காட்டு ஈஸ்ட் வகைகள் கலப்பதே காரணம் எனக் காட்டி, ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் முறையை உருவாக்கினார். போட்டி ஆலைகளை முந்திச் செல்ல உதவக்கூடிய இக்கண்டுபிடிப்பை ஜேக்கப்சன் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. முறையும் தூய ஈஸ்டும் பிற ஆலைகளுக்கும் வழங்கப்பட்டன. இவர் மறைவுக்குப் பின்னர் 1909 இல் பிஎச் அளவுகோல் உருவானதும் இதே ஆய்வகத்தில்தான். அதனை உருவாக்கியவர் சோரன்சன் ஆவார்.

மகனுடன் பிணக்கு

தம்மைப் போலவே மகனும் அயல்நாட்டு ஆலைகளைக் கண்டு கற்க வேண்டும் என்று விரும்பிய ஜேக்கப்சன், கார்லைச் சுமார் நான்கு ஆண்டுகள் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அனுப்பினார். திரும்பி வந்த கார்ல், 1871 முதல் தந்தையின் துணை ஆலையை நடத்தினார். பெருகி வந்த தேவையை நிறைவு செய்யப் பதப்படுத்தும் காலத்தைக் குறைத்து, உற்பத்தியை உயர்த்த அவர் விரும்பினார். நீண்ட காலம் பதப்படுத்தாத பியர் தரமற்றது என்பது தந்தையின் உறுதியான கருத்து.

பிணக்கு முற்றியதால் கார்ல் பிரிந்து, 1882 இல் அருகிலேயே நி கார்ல்ஸ்பர்க் (புதிய கார்ல்ஸ்பர்க்) ஆலையைத் தொடங்கினார். மகனின் பெயரையே கொண்ட ஆலையின் பெயரைப் பயன்படுத்துவது குறித்தும் இருவரிடையே பூசல் எழுந்தது. இரு ஆலைகளுக்கும் இடையேயிருந்த சாலைக்கு வெவ்வேறு பெயர்ப்பலகைகளை நடும் அளவிற்கு இது சென்றது. ஜேக்கப்சன் தம் உயிலை மாற்றி, பழைய ஆலையை மகனுக்கு விடாமல் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்.

1886 இல் இருவரும் சமாதானம் ஆயினர். அடுத்த ஆண்டு இத்தாலியில் பயணம் மேற்கொண்டிருந்தபோது, உரோம் நகரில் ஜேக்கப்சன் காலமானார். உயில் மாற்றப்படவில்லை. எனினும் 1902 இல் கார்ல் தம்முடைய ஆலையையும் அதே அறக்கட்டளைக்கு அளித்தார். 1906 இல் இரு ஆலைகளும் ஒன்றாயின.

பிற கொடைகள்

1859 இல் தீக்கிரையான பிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனையைச் சீரமைக்க ஜேக்கப்சன் பெரும்பொருள் அளித்தார். அங்கு 1878 இல் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. கோபன்ஹேகன் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிப் பனைமனை அமையவும் உதவினார்.

இன்றைய நிலை

ஜேக்கப்சனின் இல்லம், இவருடைய விருப்பப்படி, டென்மார்க்கின் சிறந்த அறிஞர் ஒருவருக்கு வாழ்நாள் குடியிருப்பாக அளிக்கப்பட்டு வந்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1932 முதல் 1962 இல் இறக்கும் வரை இங்கு வாழ்ந்தார். வால்பியில் பேரளவு உற்பத்தி 2008 இல் நிறுத்தப்பட்டு பிரெடெரிசியா நகருக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடங்களையும், கார்ல் 1901 இல் எழுப்பிய நான்கு கல்யானைகள் தாங்கும் வாயிலையும் சுற்றுலாப் பயணிகள் இன்றும் காணலாம். கார்ல்ஸ்பர்க் நிறுவனத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை இன்றும் ஜேக்கப்சன் நிறுவிய அறக்கட்டளையிடமே உள்ளது; அதன் வருவாய் அறிவியல் ஆய்வுகளுக்கு வழங்கப்படுகிறது.